ஓரியின் மலைக்கு ஓலை வரட்டும்!

ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆண்டுதோறும் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு விழா நடைபெறுகிறது. அரசே எடுக்கும் விழா. செம்மேட்டில் நிற்கும் ஓரியின் சிலைக்கு மாலை சூட்டப்படுகிறது. வில்வித்தைப் போட்டி நடக்கிறது. மலையின் நாலா திசையிலிருந்தும் மக்கள் வந்து கூடுகிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, எடப்புளி நாடு என்று நாடு நாடாகப் பகுத்து வாழும் மக்கள் அவர்கள். சாமையும் கேழ்வரகும் விதைத்து, மிளகும் காப்பியும் பறித்து, பலாவைத் தோளில் சுமந்து சந்தைக்குக் கொண்டுவரும் உழைப்பாளி மக்கள்.

அந்தக் கூட்டத்தில், எடப்புளி நாட்டிலிருந்து தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு சிறுவன், "ஓரி என்று ஒருவர் இருந்தார் என்பதை நமக்கு யார் சொன்னது?" என்று கேட்பானேயானால், தகப்பன் என்ன விடை தருவார்? "பாட்டன் சொன்னார்" என்பார். பள்ளி ஆசிரியரைக் கேட்டால், "புறநானூறு சொல்கிறது" என்பார். சரி, அந்தப் புறநானூற்றை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது எது? அதைத்தான் இன்று நாம் பேச விரும்புகிறோம்.

பனை ஓலை! எழுத்தாணியால் கீறி, மை தடவி, துளையிட்டுக் கயிற்றில் கோத்து, பரணிலே போட்டு வைத்த பனை ஓலை!

ஓரி விடுத்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பிலே போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். அது புறநானூற்றின் 152-ம் பாட்டு. அந்த ஓரியைக் காரி கொன்று, பலா பழுத்த கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று கல்லாடனார் பாடியிருக்கிறார். அது அகநானூற்றின் 209-ம் பாட்டு. எடப்புளி நாட்டுச் சிறுவன் இன்று ஏறி விளையாடும் பலா மரம் சங்கப் பாட்டிலேயே நிற்கிறது! ஆனால் இந்தப் பாட்டுக்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ் படித்தவர்களிலேயே மிகப் பலருக்குத் தெரியாமல் கிடந்தன. குடத்துள் விளக்காக இருந்தன.

அந்த விளக்கை வெளியே எடுத்த கதையிலே சேலத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? 1880-ம் ஆண்டு அக்டோபர் 21-ம் நாள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாத ஐயர், அவ்வூருக்கு முனிசீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கச் சென்றார். முதலியார், "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று விசாரித்தார். ஐயர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று தாம் கற்றவற்றை அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். படித்த பெரும் புலவரும் கண்ணால் கண்டிராத நூல்கள் அவை! அந்த ஒரு கேள்வி ஐயரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. சிந்தாமணி சமண நூல். சைவ மடத்தில் கற்ற ஐயர், சமண நண்பர்களிடம் சென்று பொருள் கேட்டுத் தெளிந்து, 1887-ல் அதை அச்சிட்டார். 1894-ல் புறநானூறு வந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-லேயே கலித்தொகையை வெளியிட்டிருந்தார். 1915-ல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் நற்றிணையைத் தந்தார். அகநானூறும் பின்னர் வந்தது. கொல்லிமலை தன் வரலாற்றைத் திரும்பப் பெற்றது!

இது வெற்றிக் கதை. தோல்விக் கதையும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

பழுதுபட்ட ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றிலே விட்டுவிடுவது புண்ணியம் என்று எண்ணிய குடும்பங்கள் இந்நாட்டில் இருந்தன. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த ஐயர் அதைக் கேட்டுக் கண்ணீர் வடித்தார். தென்பாண்டி நாட்டுக் கோயில் ஒன்றில் பழைய சுவடிகளை நெருப்பிலே இட்டுவிட்டார்கள் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் ஆடிப் பதினெட்டில் ஓரிக்கு விழா. இன்னொரு பக்கம் அதே ஆடிப் பதினெட்டில், ஓரியைப் போன்ற எத்தனை பேருடைய வரலாற்றையோ தண்ணீரில் விட்ட கொடுமை!

போனவை என்னென்ன? பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இல்லை, பத்தாம் பத்தும் இல்லை. எழுபது பரிபாடல்கள் இருந்தன என்பர்; முழுமையாகக் கிடைப்பவை 22. வளையாபதியும் குண்டலகேசியும் துணுக்குகளாக நிற்கின்றன. கொல்லிக்கு அண்டையிலுள்ள தகடூர், அதாவது இன்றைய தருமபுரி. அங்கே அதியமானுக்கும் சேரனுக்கும் நடந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் இருந்தது. அதில் இன்று எஞ்சியவை, புறத்திரட்டிலும் உரைகளிலும் சிதறிக் கிடக்கும் சில பாட்டுக்களே. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1959-ல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகமே எழுதினார். இருக்கிற நூல்களுக்கு அட்டவணை போட வேண்டிய நாட்டில், இறந்துபோன நூல்களுக்கு அட்டவணை போட வேண்டி வந்ததே!

அட்டவணை என்றோம். அந்தச் சொல்லைக் கேட்டதும், "அது ஏதோ நூலக எழுத்தர் வேலை" என்று சிலர் நினைக்கக்கூடும். இல்லை, அன்பர்களே! ஒரு கட்டு ஓலை கையில் கிடைக்கிறது. அதற்கு மேலட்டை இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, தலைப்பு இல்லை. ஒரே கட்டில் மூன்று நூல்கள் கலந்து கிடக்கலாம். பத்தாம் ஏடு முதலிலும் முதல் ஏடு நடுவிலும் இருக்கலாம். அதைப் பிரித்து, துடைத்து, படித்து, இது இன்ன நூல், இன்னார் செய்தது, இத்தனை ஏடு, இத்தனை வரி, தொடக்கம் இது, முடிவு இது, எழுதியவர் இன்னார், இன்ன ஊரிலிருந்து வந்தது, இத்தனை ஏடு சிதைந்தது என்று குறித்து வைப்பதே விளக்க அட்டவணை. அந்தக் குறிப்பு இல்லாத சுவடி இருந்தும் இல்லாததே. ஒரு நூலுக்குப் பத்துச் சுவடிகளைத் தேடி, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பித்தான் பழைய பதிப்புக்கள் உருவாயின. எந்தச் சுவடி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், எதை எதனோடு ஒப்பிடுவது?

இந்த வேலை நம் நாட்டில் நடக்கவில்லை என்று நாம் கூறமாட்டோம். நில அளவைக்காக வந்த காலின் மெக்கன்சி, காவலி வேங்கட இலட்சுமய்யா போன்ற நம் நாட்டவர் துணையோடு ஊர் ஊராக ஏடுகளையும் ஊர்க் கதைகளையும் திரட்டினார். 1821-ல் அவர் இறந்தார். 1828-ல் அத்தொகுப்புக்கு எச். எச். வில்சன் அட்டவணை வெளியிட்டார். அதில் தென்னாட்டுக்குத் திரும்பி வந்த பகுதி, 1869-ல் தோன்றிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, வடமொழி என்று பல மொழிகளிலுமாக 70,000-க்கு மேற்பட்ட சுவடிகள் அங்கே உள்ளன. தஞ்சையிலே சரசுவதி மகால் இருக்கிறது. மதுரையிலே 1901-ல் தோன்றிய தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஐயர் 1942-ல் மறைந்த பின்னர் அவர் திரட்டிய ஏடுகளைக் காக்கச் சென்னையில் எழுந்த நூலகம் இருக்கிறது. 1981-ல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகளை 1997-லும், புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகளை 2005-லும் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2022-ல் அறநிலையத்துறை, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு கோயில்களிலுள்ள சுவடிகளைத் தேடத் தொடங்கியது. பாரிசிலும் இலண்டனிலும் தமிழ் ஏடுகள் இருக்கின்றன.

இருக்கின்றன, இருக்கின்றன என்று அடுக்கிவிட்டோம். எடப்புளி நாட்டு மாணவனுக்கு இவற்றால் என்ன கிடைத்தது? அதுதான் நம் கேள்வி!

அட்டவணைகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு முறையில், வெவ்வேறு மொழியில் எழுதப்பட்டவை. வில்சன் அட்டவணை ஆங்கிலத்தில் இருக்கிறது. சிலவற்றில் நூற்பெயரும் எண்ணும் தவிர வேறொன்றுமில்லை. "கொல்லிமலையைப் பற்றி எந்தெந்தச் சுவடியில் என்னென்ன இருக்கிறது?" என்று ஒரு மாணவன் கேட்டால், ஒரே இடத்தில் விடை கிடைக்காது. அவன் ஊர் ஊராக அலைய வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, காரவள்ளியைக் கடந்து, நாமக்கல் போய், சென்னைக்குப் போய், அங்கே அடையாளச் சீட்டும் பரிந்துரைக் கடிதமும் காட்டி நிற்க வேண்டும் என்றால், மலைவாழ் உழவன் மகனால் ஆகிற காரியமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏடே கைக்கு வராதவனுக்குச் சுரைக்காயைப் பற்றிய பேச்சு எதற்கு?

இதே நிலையில் இருந்த ஒரு நாட்டை இங்கே நினைவூட்டுகிறோம். அது அயர்லாந்து. டிவேலராவின் நாடு என்றால் நம் வாசகர்களுக்கு அறிமுகமானதுதான். அந்நாட்டு மொழி ஐரிஷ். ஆங்கிலேயர் ஆட்சியிலே அரசவையையும் பள்ளியையும் இழந்தது. 1845-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஐரிஷ் பேசிய ஏழை எளியவர்களே அதில் பெரிதும் அழிந்தார்கள். பழைய ஐரிஷ் ஏடுகள் தோலிலும் தாளிலும் எழுதப்பட்டு, படிப்பாரற்றுக் கிடந்தன. அவற்றை எடுத்துப் படித்துப் பட்டியல் போட்டவர்களில் முதன்மையானவர் யூஜின் ஓ கரி. கிளேர் மாவட்டத்து உழவர் குடியிலே 1794-ல் பிறந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். நில அளவைத் துறையில் ஊர்ப்பெயர் ஆராயும் வேலைக்குச் சேர்ந்து, ஏட்டுப் படிப்பில் தேர்ந்து, ஐரிஷ் அரச கழகத்தின் ஏடுகளுக்கும் இலண்டன் மியூசியத்திலிருந்த ஐரிஷ் ஏடுகளுக்கும் அட்டவணை எழுதினார். 1854-ல் டப்ளினில் பேராசிரியரானார். உழவன் மகன் தன் மொழியின் கருவூலத்துக்குத் திறவுகோல் செய்தான்!

நாடு விடுதலை பெற்ற பிறகு அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஐரிஷ் அரச கழகத்தின் ஏடுகளுக்கு விளக்க அட்டவணை 1926-ல் வெளிவரத் தொடங்கி, 1970 வரை பகுதி பகுதியாக வந்துகொண்டேயிருந்தது. நாற்பத்து நான்கு ஆண்டு உழைப்பு! டிவேலரா 1940-ல் டப்ளினில் ஓர் உயர் ஆராய்ச்சி நிலையம் கண்டார்; அதில் ஒரு பிரிவே ஐரிஷ் மொழியாய்வுக்கு. 1990-களின் இறுதியில் அந்த நிலையம், நாட்டிலுள்ள பல நூலகங்களின் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அட்டவணைக் குறிப்போடு கணினியில் ஏற்றும் வேலையைத் தொடங்கியது. கன்னேமாராக் குன்றிலிருக்கும் மாணவனும் காசில்லாமல் அந்த ஏட்டைத் திறந்து பார்க்கலாம்.

இன்னொன்றையும் அவர்கள் செய்தார்கள். நம் நெஞ்சை மிகவும் தொட்டது அதுதான். 1937 முதல் 1939 வரை, நாடெங்கும் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம், "வீட்டுக்குப் போய்ப் பாட்டன் பாட்டியைக் கேட்டு எழுதி வாருங்கள்" என்று சொன்னார்கள். கதை, பாட்டு, மருந்து, ஊர்ப்பெயர், பஞ்சத்தின் நினைவு என்று பிள்ளைகள் எழுதி வந்தார்கள். சேர்ந்தவை சுமார் 7,40,000 பக்கங்கள்! அவற்றுக்கும் அட்டவணை போட்டார்கள். அவற்றையும் கணினியில் வைத்தார்கள். எழுதிய பிள்ளையின் பெயர் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

இதை நம் மலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொல்லிமலை மக்களிடையே, தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிமார் என்றொரு கதை வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலிலே அது ஆங்கிலத்தில் இருக்கிறது. பாட்டன் வாய்மொழியை வெள்ளைக்காரர் எழுதி வைத்தார். பேரன் எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லி அவனிடம் எவரும் கேட்கவில்லை என்பதே உண்மை! இந்நாட்டில் சிலருக்குத்தான் ஏடு, சிலருக்கு ஏர் என்று நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தார்கள். மடத்தில் இருந்தது, அரண்மனையில் இருந்தது, அக்கிரகாரத்திலும் கவிராயர் வீட்டிலும் இருந்தது. காட்டிலே கல் உடைத்துக் கழனி கண்டவனிடம் எழுத்தாணி கொடுக்கப்படவில்லை. அந்தப் பிரிவினையை ஒழிக்கப் பள்ளி திறந்தோம். பள்ளியில் படிப்பவன் கைக்குப் பழைய ஏடும் போய்ச் சேரும்போதுதான் அந்த வேலை முற்றுப் பெறும்.

"ஓலையைக் கொடுத்தால் மட்டும் படித்துவிடுவானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓலை எழுத்தில் புள்ளி இல்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று வைக்காமல் விட்டார்கள் என்பர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றாகவே தோன்றும். நெருப்பா, நீரா என்று இடம் பார்த்து அறிய வேண்டும். துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். கொல்லி என்ற பெயர் 'கெரலலி' என்பது போலக் கண்ணுக்குப் படும்; ஓரி, 'ஒரி' ஆகிவிடுவான்! சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஆயினும் இது மந்திர வித்தையன்று. சொல்லித் தந்தால் வந்துவிடும் பயிற்சி. தமிழறிந்த பிள்ளைக்குப் புதிய மொழி கற்கும் தொல்லை இதில் இல்லை. பழைய கையெழுத்துக்குக் கண்ணைப் பழக்க வேண்டும், அவ்வளவே.

எனவே நாம் கூறுவது இது.

முதலாவது, தமிழ்ச் சுவடிகள் அனைத்துக்கும், உள்நாட்டில் இருப்பவற்றுக்கும் வெளிநாட்டில் இருப்பவற்றுக்கும், தமிழில் ஒரே பேரட்டவணை வேண்டும். நூற்பெயர் கொண்டு தேடுவது போலவே ஊர்ப்பெயர் கொண்டும் தேட வழி வேண்டும். 'கொல்லி' என்று தட்டினால் கொல்லி வரும் சுவடிகளெல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும்.

இரண்டாவது, படம் பிடித்த சுவடியைப் பூட்டி வைக்கக் கூடாது. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம் சுவடிகளை எல்லோரும் காணும்படி வைத்து நல்ல வழி காட்டியிருக்கிறது. அவ்வழியில் எல்லா நிலையங்களும் வர வேண்டும். பேராசிரியருக்கு ஒரு வாசல், பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வாசல் என்பது ஆகாது.

மூன்றாவது, ஓலை படிக்கும் பயிற்சி மலைக்கு வர வேண்டும். ஒரு பக்கம் ஓலையின் படம், எதிர்ப் பக்கம் இன்றைய எழுத்தில் அதே பாட்டு என்று ஒரு சிறு வாசகம் அச்சிடட்டும். அதன் முதல் பாடம் ஓரியைப் பற்றிய பாட்டாக இருக்கட்டும். கணினித் தொடர்பு அறுந்து போகும் நாளிலும் அச்சுப் புத்தகம் கையில் இருக்கும்.

நான்காவது, சுவடி தேடி வீடுகளுக்குச் செல்பவர்கள் அதிகாரம் காட்டிப் பறிக்கக் கூடாது. அது அவர்கள் பாட்டன் சொத்து. படம் பிடித்துக்கொண்டு, படியொன்றை வீட்டாருக்கே கொடுத்து, ஓலையைப் பேணும் முறையையும் சொல்லித் தர வேண்டும். ஓலையைத் தர மனமுள்ளோர் தரட்டும். தந்தவர் பெயர் அட்டவணையில் இருக்கட்டும். "தண்ணீரில் விடாதே, எங்களைக் கூப்பிடு" என்ற ஒரு சொல் ஒவ்வொரு ஊராட்சிக்கும் போய்ச் சேரட்டும்.

ஐந்தாவது, அயர்லாந்துப் பிள்ளைகள் செய்ததை நம் பிள்ளைகள் செய்யட்டும். எடப்புளி நாட்டுப் பள்ளிப் பிள்ளை, பாட்டி பாடும் நடவுப் பாட்டையும், ஒவ்வொரு சுனைக்கும் வயலுக்கும் உள்ள பெயரையும், எந்தப் பச்சிலை எந்த நோய்க்கு என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். படியொன்று பள்ளியில், படியொன்று சுவடி நூலகத்தில், எழுதிய பிள்ளையின் பெயரோடு இருக்கட்டும். பச்சிலை அறிவைப் பிறர் அள்ளிக்கொண்டு போய் விலைக்கு விற்காதபடி, எதை வெளியிடுவது, எதை ஊருக்குள் வைப்பது என்று அந்த ஊராரே முடிவு செய்யட்டும்.

"மலைக்குச் சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும், விளைந்த மிளகுக்கு விலை வேண்டும், இதற்கிடையே ஓலை எதற்கு?" என்பார் உண்டு. எல்லாம் வேண்டும் என்பதே நம் விடை. சாலைக்குச் செலவிடுவதில் சிறு துளி இதற்குப் போதும். சாலையை அடுத்த ஆண்டும் போடலாம். ஆனால் செல்லரித்த ஏட்டை அடுத்த ஆண்டு படிக்க முடியாது; பாட்டி மறைந்த பின் பாட்டைக் கேட்க முடியாது. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தியபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. திரும்பப் பெற இயலாத ஏடுகளும் அவற்றோடு போயின. அந்தத் தீயை மூட்டியவர்களைத் தமிழுலகம் மன்னிக்கவில்லை. தீ மூட்டாமலேயே, கண்ணெதிரே செல்லரிக்க விட்டால், வருங்காலத்தார் நம்மை மட்டும் மன்னிப்பார்களா?

சேலம் இராமசாமி முதலியார் அன்று கேட்ட ஒரு கேள்வியால் தமிழுக்கு ஐயர் கிடைத்தார். ஓரியின் மலையில் பிறந்த ஒரு பிள்ளை நாளை இன்னொரு கேள்வி கேட்கும், கட்டாயம் கேட்கும். அப்போது, "அட்டவணையில் இருக்கிறது, இதோ எடுத்துப் படி" என்று சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.

அடுத்த ஆடிப் பதினெட்டுக்குச் செம்மேட்டுச் சிலைக்கு மாலை கொண்டு வருகிறவர்கள், அந்த மலைப் பள்ளிகளுக்கு ஓலைப் படத்தின் படியொன்றையும் கொண்டு வரட்டும். ஓரியைப் பாடிய ஓலை, ஓரியின் மலையிலேயே, அந்த மலையின் பிள்ளை வாயால் படிக்கப்படட்டும்!